ஜாப் மானிட்டர்ல டைம்சோன் பக்: எங்க ஆரம்பிச்சு எந்த வரிசையில சரி பண்றது

பேக்கப் ஓடி முடிஞ்சிருச்சு, லாக்ல சக்சஸ்னு தெளிவா இருக்கு, ஆனா மானிட்டர் (ஜாப் நேரத்துக்கு ஓடுச்சான்னு கண்காணிக்கற ப்ரோகிராம்) "ஜாப் வரல"ன்னு ராத்திரி மூணு மணிக்கு ஆன்-கால்ல இருக்கவரை எழுப்புது. இல்லன்னா அதைவிட மோசம், ஜாப் செத்து அஞ்சு மணி நேரம் ஆகியும் திரையில பச்சையாவே நிக்குது. ரெண்டும் டைம்சோன் பக்கோட ரெண்டு முகம்.

டீம்ல புதுசா சேர்றவங்க இதைப் பாத்ததும் செய்ற முதல் வேலை, எங்கயாவது ஒரு அஞ்சரை மணி நேரத்தை கூட்டறது இல்ல கழிக்கறது. அன்னைக்கு சரியாயிடும், ஆனா அடுத்த வாரம் வேற இடத்துல வெடிக்கும். இதுல தனித்தனி ஸ்டெப் எதுவும் கஷ்டமில்ல, வரிசைதான் முக்கியம். வரிசை மாறினா சரியா இருந்த டேட்டாவையும் கெடுத்துடுவீங்க. கீழ இருக்கற உதாரணங்கள் லினக்ஸ் க்ரான் (குறிச்ச நேரத்துக்கு ஜாப்பை ஓட்டுற ஷெட்யூலர்), பைத்தான், போஸ்ட்கிரஸ் வச்சு எழுதினது, மத்த மொழியிலயும் விஷயம் இதேதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல டேட்டாபேஸ் பேக்கப், அதை ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணிப் பாத்தது. அஞ்சாவது ஸ்டெப்ல பழைய ரோ எல்லாத்தையும் தொடப்போறோம், அதனால இது இல்லாம ஆரம்பிக்கவே வேணாம்.

அடுத்து எல்லா ஜாப்புக்கும் ஒரு லிஸ்ட்: ஜாப் பேரு, ஷெட்யூல் வரி, எந்த ஷெட்யூலர் ஓட்டுது, அந்த மெஷின் எந்த டைம்சோன்ல இருக்கு, ஷெட்யூலை எழுதினவங்க மனசுல எந்த ஊர் நேரம் இருந்துச்சு. கடைசி ஃபீல்டை நிரப்ப ஆளைத் தேடிப்பிடிச்சு கேக்கணும், கோடைப் பாத்து கண்டுபிடிக்க முடியாது. சலிப்பா இருக்கும், ஆனா இந்த லிஸ்ட் இல்லாம ஆறாவது ஸ்டெப்பை செய்யவே முடியாது.

அப்புறம் எல்லா மெஷின்லயும் கடிகாரம் என்டிபியோட (நெட்வொர்க் வழியா சரியான நேரம் தர்ற முறை) ஒத்துப்போகுதான்னு பாருங்க. மூணு நாலு நிமிஷம் விலகல் இருந்தா அது கடிகாரப் பிரச்சனையாவும் இருக்கலாம், அதை வச்சுக்கிட்டு சோனைத் தேடினா நாள் முழுக்க வீணாப்போகும்.

1. எவ்வளவு நேரம் தள்ளுதுன்னு குறிச்சுக்கங்க

கோடைத் திறக்காதீங்க இப்போ. உண்மையில ஜாப் ஓடின நேரத்துக்கும் மானிட்டர் சொல்ற நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு மட்டும் எழுதுங்க. பாதி விடை அந்த எண்ணுலயே இருக்கு.

சரியா 5:30 தள்ளினா, ஏதோ ஒரு இடத்துல இந்திய நேரத்தை யுடிசின்னு (உலகப் பொது நேரம், இந்திய நேரம் இதுக்கு 5:30 முன்னாடி) எடுத்துக்கிட்டாங்க, இல்ல அதோட தலைகீழ். 11 மணி நேரம் தள்ளினா அதே மாத்தல் ரெண்டு தடவை நடக்குது, சர்வர்ல ஒண்ணு பிரவுசர்ல ஒண்ணுன்னு. குளிர்காலத்துல 10:30, கோடையில 9:30 வந்தா இந்திய நேரமும் நியூயார்க் நேரமும் நடுவுல எதுவுமில்லாம நேரா மோதுது (அங்க கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி நகர்த்துவாங்க, அதுதான் டிஎஸ்டி). வருஷத்துல பாதி மாசம் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளினா யாரோ ஆஃப்செட்டை, அதாவது யுடிசிக்கும் ஊர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, எண்ணா எழுதி வச்சிருக்காங்க. நேரம் சரி, தேதி மட்டும் ஒரு நாள் பின்னாடின்னா ஒன்பதாவது ஸ்டெப்புக்கு போங்க.

விசித்திரமா 23 நிமிஷம் வித்தியாசம் வருதா? பைத்தான்ல பழைய பைடிஇசட் லைப்ரரியோட சோனை டேட்டைம் உருவாக்கும்போதே நேரா உள்ள குடுத்திருப்பாங்க. அப்படிக் குடுத்தா கொல்கத்தாவுக்கு 5:30 வராது, கல்கத்தாவோட பழைய உள்ளூர் நேரமான 5:53 வரும். லோக்கலைஸ் ஃபங்ஷன் வழியா குடுக்கணும், இல்லன்னா பைடிஇசட்டையே விட்டுட்டு பைத்தான் 3.9ல இருந்து கூடவே வர்ற சோன்இன்ஃபோவுக்கு மாறிடுங்க.

2. ஒரே ஒரு ரன்னை எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் பின்னாடியே போங்க

எல்லா ஜாப்பையும் ஒண்ணா பாக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு எடுங்க, அதோட ஒரே ஒரு ரன். அது போற வழியில அஞ்சு இடத்துல நேரத்தை எழுதுங்க: ஜாப் ஓடின மெஷின், ஸ்கிரிப்ட் அனுப்பின பிங் ("நான் ஓடிட்டேன்"னு மானிட்டருக்கு போற சின்ன செய்தி), டேட்டாபேஸ்ல இருக்கற மூல மதிப்பு, ஏபிஐ திருப்பித் தர்றது, திரையில தெரியறது. எழுதும்போது ஆஃப்செட்டோட எழுதுங்க, ஆஃப்செட் இல்லன்னா "இல்ல"ன்னே எழுதுங்க.

உதாரணத்துக்கு சென்னையில இருக்கற ஒரு மெஷின்ல மணிக்கு ஒரு தடவை ஓடுற ஜாப். 2026 ஜனவரி 14, விடியக்காலை 02:00:08க்கு ஓடுச்சு, யுடிசில அது 13ஆம் தேதி 20:30:08. ஸ்கிரிப்ட் அனுப்பினது "2026-01-14 02:00:08", ஆஃப்செட் இல்ல. வாங்கின சர்வர் யுடிசில இருக்கு, அதனால இதுவும் யுடிசிதான்னு எடுத்துக்கிட்டு அப்படியே டேட்டாபேஸ்ல போட்டுருச்சு. பிரவுசர் அதை இந்திய நேரமா மாத்தி 07:30:08னு காட்டுது. அஞ்சு இடத்தையும் எழுதினதும் எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல உடைஞ்சதுன்னு கண்ணுக்கே தெரியும், இங்க பிங்குக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல.

இதுல புதுசா வர்றவங்க தவறவிடுற ஒரு விஷயம் இருக்கு, கொஞ்சம் நின்னு பாருங்க. மேல சொன்ன ரோ டேட்டாபேஸ்ல எதிர்காலத்துல இருக்கு, அஞ்சரை மணி நேரம் முன்னாடி. மானிட்டர் "கடைசி பிங் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சா"ன்னு கணக்கு போட்டா மைனஸ்ல வரும், அலர்ட் அடிக்காது. இந்த ரன்னோட ஜாப் செத்துப்போச்சுன்னு வைங்க, ஒரு மணி நேரத்துல வர வேண்டிய அலர்ட் ஆறரை மணி நேரம் கழிச்சு வரும். இதே பக் நியூயார்க் மெஷின்ல இருந்தா நேர் எதிர், வந்த பிங் வரும்போதே அஞ்சு மணி நேரம் பழசா தெரியும், உடனே பொய் அலர்ட் அடிக்கும். யுடிசிக்கு கிழக்க இருக்கற ஊருக்கு இந்த பக் அமைதியா இருக்கும், மேற்க இருக்கற ஊருக்கு சத்தம் போடும். அதனால "எங்க இந்தியா ஜாப்ல ஒரு அலர்ட்டும் வரல, நல்லாத்தான் இருக்கு"ன்னு யாராவது சொன்னா அதை நம்பாதீங்க, ஒரு ஜாப்பை வேணும்னே நிறுத்திட்டு எப்போ அலர்ட் வருதுன்னு பாருங்க.

3. நேரத்தை மூணு வகையா பிரிங்க

கோடைத் தொடறதுக்கு முன்னாடி டேபிள்ல இருக்கற ஒவ்வொரு நேர ஃபீல்டுக்கும் பக்கத்துல எழுதுங்க, இது நடந்து முடிஞ்ச நேரமா, வரப்போற ஷெட்யூலா, மனுஷங்களுக்கு காட்டுற நேரமா?

நடந்து முடிஞ்சது எல்லாம் யுடிசி, இதுல பேச்சே இல்ல. காட்டுறது பாக்கறவரோட சோன்ல. சிக்கல் நடுவுல இருக்கறதுல. ஷெட்யூலை யுடிசிக்கு மாத்தி சேமிக்காதீங்க. எழுதினவங்க எழுதின விதியை அப்படியே, கூடவே சோன் பேரையும் சேத்து வைங்க. "எல்லாத்தையும் யுடிசில வை"ன்னு எல்லாரும் சொல்லிக்குடுக்கற அறிவுரையை ஷெட்யூலுக்கும் போட்டுடறதுதான் நான் பாத்த வரைக்கும் அதிகமா நடக்கற தப்பு.

ஏன்னு பாருங்க. திங்கக்கிழமை காலை 3 மணின்னு `0 3 * * 1` போட்டிருக்கு, இந்திய நேரம். யுடிசில அது ஞாயிறு 21:30, மணியை மாத்தினவங்க கிழமையை மாத்த மறந்துடுவாங்க. மாசம் 1ஆம் தேதி 2 மணிக்கு ஓடுற ஜாப் யுடிசில போன மாசக் கடைசி நாள் 20:30, அந்தக் கடைசி நாள் 28ஆ 30ஆ 31ஆ, சாதாரண க்ரான் வரியில அதை எழுதவே வழியில்ல. பங்குச்சந்தை நேரத்துக்காக `*/15 9-15 * * 1-5`னு (திங்கள்ல இருந்து வெள்ளி, 9:00ல இருந்து 15:45 வரைக்கும் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை) ஒரு வரி இருந்தா யுடிசில 3:30ல இருந்து 10:15 வரைக்கும், அந்த அரை மணி நேரத்தால ஒரே வரி மூணா உடையும். அமெரிக்க ஜாப்னா இன்னும் மோசம், காலை 9 மணி வருஷத்துல கொஞ்ச மாசம் 14:00 யுடிசி, மிச்ச மாசம் 13:00.

சோன் பேருன்னா "ஏசியா/கொல்கத்தா", "அமெரிக்கா/நியூயார்க்" மாதிரி முழுப்பேரு. ஐஎஸ்டின்னு எழுதாதீங்க, இந்தியாவுக்கும் அதே மூணெழுத்து, இஸ்ரேலுக்கும் அதே, அயர்லாந்துக்கும் அதே. சிஎஸ்டி அமெரிக்காவோட நடுப்பகுதியும் ஆகும் சீனாவும் ஆகும். வெறும் ப்ளஸ் 5:30ன்னும் வைக்காதீங்க, ஆஃப்செட்ங்கிறது அந்த நிமிஷத்தோட நிலைமை மட்டும்தான், ஊர் அதை மாத்திக்கலாம். இலங்கையே 2006 ஏப்ரல்ல ப்ளஸ் 6ல இருந்து ப்ளஸ் 5:30க்கு வந்துச்சு. "இடிசி/ஜிஎம்டி ப்ளஸ் 5" மாதிரி பேரு இருந்தா கண்டிப்பா மாத்துங்க, அதுல குறி தலைகீழ், ப்ளஸ் 5ன்னா யுடிசிக்கு அஞ்சு மணி நேரம் பின்னாடின்னு அர்த்தம்.

4. முதல்ல வாங்குற கோடை சரி பண்ணுங்க

பழைய டேட்டாவை இன்னும் தொடாதீங்க. தப்பான ரோ உள்ள வந்துக்கிட்டே இருக்கும்போது பழசைத் திருத்தினா, எது திருத்தினது எது புதுசா தப்பா வந்ததுன்னு பிரிக்க முடியாம போயிடும்.

பிங் வந்த நேரம்னு மானிட்டர் சர்வர் தன்னோட கடிகாரத்துல பாத்த நேரத்தையே வச்சுக்கங்க. ஸ்கிரிப்ட் அனுப்புற நேரம் வேணும்னா தனி ஃபீல்டுல போகட்டும், ஆனா ஆஃப்செட் இல்லாம வந்தா ஏத்துக்காதீங்க, எர்ரர் திருப்பி அனுப்புங்க. யூகிச்சு ஏத்துக்கற ஒவ்வொரு இடமும் நாளைக்கு ஒரு பக்.

பைத்தான்ல யுடிசிநவ் ஃபங்ஷன் எங்கெல்லாம் இருக்குன்னு தேடி எடுத்துடுங்க, 3.12லயே அதை டெப்ரிகேட் பண்ணிட்டாங்க. அது குடுக்கறது யுடிசி நேரம்தான், ஆனா "நான் யுடிசி"ன்ற அடையாளம் அதுல இருக்காது. அதை டைம்ஸ்டாம்ப் எண்ணா மாத்தினா பைத்தான் அதை மெஷினோட லோக்கல் நேரம்னு எடுத்துக்கும். சர்வர் யுடிசில இருந்தா தப்பு தெரியாது, உங்க லேப்டாப்ல மட்டும் அஞ்சரை மணி நேரம் தள்ளும், அதனாலயே "சர்வர்ல நல்லாத்தானே ஓடுது"ன்னு பேச்சு நீளும். நவ் ஃபங்ஷனுக்கு யுடிசியை குடுத்து கூப்பிடுங்க.

இன்னொரு இடறல்: அடையாளம் உள்ள நேரத்தையும் இல்லாததையும் ஒப்பிட்டா பைத்தான் டைப் எர்ரர் குடுக்கும், அந்த எர்ரரை அடக்கறதுக்காக ரீப்ளேஸ் போட்டு யுடிசின்னு ஒட்டிடுவாங்க. ரீப்ளேஸ் நேரத்தை மாத்தாது, லேபிளை மட்டும் ஒட்டும். ஏற்கனவே சோன் உள்ள நேரத்தை இன்னொரு சோனுக்கு மாத்தணும்னா அஸ்டைம்சோன். அந்த எர்ரர் வந்தா நல்லது, இந்த மதிப்பு எங்க பிறந்துச்சு, அங்க எந்த சோன்னு தேடிப் போங்க.

5. அப்புறம் பழைய டேட்டா

நாலாவது ஸ்டெப் லைவ்ல போன நேரத்தைக் குறிச்சு வச்சிருப்பீங்க, அதுக்கு முன்னாடி வந்த ரோ மட்டும்தான் திருத்தணும்.

போஸ்ட்கிரஸ்ல ஃபீல்டு டைப் "டைம்சோனோட டைம்ஸ்டாம்ப்"னு இருக்கணும். பேரைப் பாத்து அது சோனையும் சேமிக்குதுன்னு நினைச்சுடாதீங்க, சேமிக்கல. உள்ள யுடிசியா மாத்தி வச்சுக்கிட்டு, வெளிய தரும்போது அந்த செஷனோட சோன்ல தருது, அவ்வளவுதான். அதனாலதான் சோன் பேருக்குன்னு தனி ஃபீல்டு வேணும்னு மேல சொன்னது. டைப்பை மாத்தும்போது பழைய மதிப்பு எந்த சோன்ல இருந்துச்சுன்னு வெளிப்படையா யூஸிங் பகுதியில "அட் டைம்சோன்" போட்டு சொல்லுங்க. சொல்லலன்னா செஷன் சோன் எதுவோ அதை எடுத்துக்கும், அது உங்க லேப்டாப்ல இருந்து ஓட்டினா ஒண்ணு, சர்வர்ல ஓட்டினா இன்னொண்ணு. பெரிய டேபிள்னா இது லாக் பிடிச்சு உக்காந்துடும், போக்குவரத்து குறைஞ்ச நேரமா பாத்து பண்ணுங்க.

மைஎஸ்கியூஎல்ல டைம்ஸ்டாம்ப் டைப் செஷன் சோன்ல இருந்து யுடிசிக்கு தானா மாத்தி வைக்கும், டேட்டைம் டைப் எதையும் மாத்தாது, குடுத்ததை அப்படியே வைக்கும். ஒரே டேபிள்ல ரெண்டும் கலந்து இருக்கறது ரொம்ப சகஜம், ஒவ்வொரு ஃபீல்டா பாருங்க. சோன் மாத்துற கன்வர்ட் டிஇசட் ஃபங்ஷன் நல்னு (மதிப்பு இல்லன்னு) தந்தா சோன் டேபிளை யாரும் லோடு பண்ணலன்னு சந்தேகப்படுங்க.

ஒரே டேபிள்ல இந்திய மெஷின் ரோவும் அமெரிக்க மெஷின் ரோவும் இருந்தா ஒரே கட்டளையில திருத்த முடியாது, முன்னாடி எடுத்த லிஸ்ட்டை வச்சு மெஷின் வாரியா திருத்துங்க. அமெரிக்க ரோல நவம்பர் முதல் ஞாயிறு 1:00ல இருந்து 2:00 வரைக்கும் உள்ள நேரம் ரெண்டு தடவை வரும், எது முதல் எது ரெண்டாவதுன்னு ஐடி வரிசையை வச்சு பிரிங்க. பிரிக்க முடியலன்னா அந்த ரோவுக்கு ஒரு குறி போட்டு விடுங்க, ஒண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதி உண்மை மாதிரி ஆக்கிடாதீங்க.

6. அடுத்த ரன் எப்போன்னு கணக்கு போடுற இடம்

மொத்த வேலையோட மையம் இதுதான், பொறுமையா செய்யுங்க.

சரியான வரிசை: இப்போதைய யுடிசியை எடுங்க, ஜாப்போட சோனுக்கு மாத்துங்க, அந்த ஊர் கடிகாரத்துல க்ரான் விதியை ஓட்டி அடுத்த நேரத்தை எடுங்க, அதைத் திரும்ப யுடிசிக்கு மாத்தி "எதிர்பார்க்கற நேரம்"னு சேமிங்க. அடுத்த ஒரே ஒரு ரன்னுக்கு மட்டும். ஒரு வருஷத்துக்கு மொத்தமா போட்டு வச்சா நடுவுல ஷெட்யூலோ சோன் விதியோ மாறும்போது பழைய கணக்கு கிடந்து தொல்லை குடுக்கும்.

இப்போ கஷ்டமான ரெண்டு நாள். நியூயார்க்ல 2026 மார்ச் 8, ஞாயிறு, 2:00 ஆனதும் கடிகாரம் 3:00க்கு தாவும். அன்னைக்கு 2:30னு ஒரு நேரமே இல்ல. நவம்பர் 1 அன்னைக்கு 2:00 ஆனதும் திரும்ப 1:00, அதாவது 1:30 ரெண்டு தடவை வரும், ஒண்ணு 05:30 யுடிசி, இன்னொண்ணு 06:30 யுடிசி.

தினம் 2:30க்கு ஓடுற `30 2 * * *` ஜாப் மார்ச் 8 என்ன ஆகும்? இதுக்கு பொதுவான பதில் கிடையாது, எந்த ஷெட்யூலர்ன்றதைப் பொறுத்தது. டெபியன், உபுண்டுல வழக்கமா வர்ற க்ரான், தவறிப்போன ஜாப்பை கடிகாரம் தாவின உடனே ஓட்டிடும், அதாவது 3:00 மணிக்கு, 07:00 யுடிசி. குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கற சிஸ்டம்) உள்ள பயன்படுத்துற கோ மொழி க்ரான் லைப்ரரி அன்னைக்கு அந்த ஜாப்பை ஓட்டாதுன்னு அதோட குறிப்புலயே எழுதியிருக்கு. நவம்பர்ல டெபியன் க்ரான் 1:30 ஜாப்பை ரெண்டாவது தடவை ஓட்டாது, ஆனா மணியிலயோ நிமிஷத்துலயோ நட்சத்திரம் போட்ட ஜாப்புக்கு இந்த சலுகை எதுவுமில்ல, புது நேரத்துப்படி அது பாட்டுக்கு ஓடும்.

மானிட்டர் எழுதுறவங்க இங்க "எது நியாயமான நேரம்"னு யோசிக்க ஆரம்பிச்சுடறாங்க. அது கேள்வியே இல்ல. ஓட்டுறது ஷெட்யூலர், அது என்ன செய்யுமோ அதையேதான் மானிட்டரும் எதிர்பார்க்கணும், பிடிக்கலன்னாலும். அதனால ஜாப் டேபிள்ல ஷெட்யூலர் வகைன்னு ஒரு ஃபீல்டு சேருங்க, கணக்கு அதைப் பாத்து நடக்கட்டும்.

செய்யலன்னா என்ன ஆகும்னு ஒரு உதாரணத்துல பாருங்க. பைத்தான் சோன்இன்ஃபோ கிட்ட அன்னைக்கு இல்லாத 2:30ஐ குடுத்தா எர்ரர் வராது, பழைய ஆஃப்செட்டை வச்சு 07:30 யுடிசின்னு அமைதியா சொல்லும். க்ரான் ஓட்டினது 07:00. பிங் 07:00க்கே வந்துருச்சு. மானிட்டர் பிங் வாங்கின கையோட "இதுக்கு அடுத்தது எப்போ"ன்னு யுடிசில ஒப்பிட்டு கணக்கு போட்டா 07:30னு வரும், காத்திருக்கும், கிரேஸ் (தாமதத்துக்கு விடுற கூடுதல் நேரம்) முடிஞ்சதும் அலர்ட். நல்லா ஓடின ஜாப்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற இந்த பொய் அலர்ட்டை "ஏதோ நெட்வொர்க் பிரச்சனை"ன்னு மூடிடுவாங்க, அடுத்த மார்ச்ல திரும்ப வரும்.

இல்லாத நேரத்தைக் கண்டுபிடிக்க சுலபமான வழி: ஊர் நேரத்தை யுடிசிக்கு மாத்தி, திரும்ப ஊர் நேரத்துக்கு மாத்துங்க, அதே எண் வரலன்னா அப்படி ஒரு நேரம் அன்னைக்கு இல்ல. ரெண்டு தடவை வர்றதைக் கண்டுபிடிக்க ஃபோல்டு மதிப்பை (முதல் தடவையா ரெண்டாவதான்னு பைத்தானுக்கு சொல்றது) 0, 1ன்னு மாத்திப் பாருங்க, முதல் சோதனை தேறியும் ரெண்டு ஆஃப்செட் வந்தா அது இரட்டை நேரம். க்ரான் வரியை படிக்கற கோடை சொந்தமா எழுதாதீங்க. பைத்தானுக்கு க்ரான்சிம்னு ஒரு லைப்ரரி இருக்கு, டெபியன் க்ரான் நடந்துக்கற மாதிரியே நடந்துக்கணும்னே எழுதினது, மானிட்டருக்கு அது பொருத்தமா இருக்கும்.

இதெல்லாம் வேணாம்னா ஒரு குறுக்கு வழியும் உண்டு, நானே பலருக்கு சொல்றது: அமெரிக்க, ஐரோப்பிய சோன்ல ஓடுற ஜாப்பை 1 மணியில இருந்து 3 மணிக்குள்ள வைக்காதீங்க. 4 மணிக்கு வைங்க. மானிட்டரை இதால சரி பண்ணிட முடியாது, ஆனா மாட்டிக்கற ஜாப் எண்ணிக்கை குறையும்.

7. ஷெட்யூலர் உண்மையில எந்த சோன்ல ஓடுதுன்னு பாருங்க

லிஸ்ட்ல எழுதினதும் மெஷின்ல இருக்கறதும் ஒண்ணான்னு இப்போ சரிபாருங்க.

மெஷினோட சோனை மாத்திட்டு க்ரானை ரீஸ்டார்ட் பண்ணாம விட்டிருப்பாங்க, டேட் கட்டளை புது நேரம் காட்டும், க்ரான் பழைய நேரத்துலயே ஓடிட்டு இருக்கும். ரெட்ஹேட் குடும்பத்துல வர்ற "க்ரோனி"ன்ற க்ரான்ல க்ரான்டிஇசட்னு மேல எழுதினா அந்த சோன்ல ஓடும், அதே ஃபைலை டெபியனுக்கு காப்பி பண்ணினா அந்த வரியை ஷெட்யூலுக்கு கண்டுக்காது, எர்ரரும் வராது. மைக்ரேஷன் பண்ற டீம் எல்லாம் இங்க ஒரு தடவை விழும்.

கன்டெய்னர்ல ஆல்பைன் இமேஜா இருந்தா டிஇசட்டேட்டா பேக்கேஜ் (எல்லா சோன் விதியும் இருக்கறது) தனியா போடணும். சோன் தகவல் இல்லாத மெஷின்ல டிஇசட் வேரியபிள்ல "ஏசியா/கொல்கத்தா"ன்னு எழுதினாலும் சத்தமில்லாம யுடிசிதான் கிடைக்கும், எழுத்துப்பிழை இருந்தாலும் அதே கதை. டேட் கட்டளையை ஆஃப்செட்டோட ஓட்டிப் பாத்துட்டுதான் நம்பணும்.

குபர்நெட்டிஸ்ல பாடுக்குள்ள (கன்டெய்னர் ஓடுற அலகு) டிஇசட் வச்சா ஷெட்யூல் மாறாது, அது உள்ள ஓடுற ப்ரோகிராமுக்கு மட்டும். ஷெட்யூலை முடிவு பண்றது கன்ட்ரோலர். க்ரான்ஜாப்ல இருக்கற டைம்சோன் ஃபீல்டுலதான் எழுதணும், 1.27 வெர்ஷன்ல இருந்து அது ஸ்டேபிள்.

8. "24 மணி நேரம்"னு எழுதின இடமெல்லாம் தேடுங்க

தினம் காலை 9 மணிக்கு நியூயார்க்ல ஓடுற ஜாப், அக்டோபர் 31க்கும் நவம்பர் 1க்கும் நடுவுல 25 மணி நேரம் இடைவெளி விடும், மார்ச் 7க்கும் 8க்கும் நடுவுல 23. "கடைசி சக்சஸ் 24 மணி நேரத்துக்கு மேல பழசு"ன்னு அலர்ட் போட்டிருந்தா நவம்பர் 1 கண்டிப்பா அடிக்கும். க்ரான் விதி தெரிஞ்ச ஜாப்புக்கு இடைவெளிக் கணக்கே வேணாம், எதிர்பார்க்கற நேரம் ப்ளஸ் கிரேஸ் போதும். விதி தெரியாத ஜாப்புக்கு இடைவெளியும் கிரேஸும் சேத்து 25 மணி நேரத்தைத் தாண்டணும்.

ஜாப் எவ்வளவு நேரம் ஓடுச்சுன்ற கணக்கும் பாருங்க. பைத்தான்ல ஒரே சோன் உள்ள ரெண்டு நேரத்தைக் கழிச்சா அது சுவர்க் கடிகாரத்தைத்தான் கழிக்கும், டிஎஸ்டியைப் பாக்காது. நியூயார்க்ல அக்டோபர் 31 ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சு நவம்பர் 1 காலை 3 மணிக்கு முடிஞ்ச ஜாப் உண்மையில அஞ்சு மணி நேரம் ஓடியிருக்கு, பைத்தான் நாலுன்னு சொல்லும். ரெண்டையும் யுடிசிக்கு மாத்திட்டு கழிங்க. ஒரே ப்ராசஸுக்குள்ள அளக்கறதா இருந்தா மோனோடோனிக் கடிகாரம் (பின்னாடி போகாம முன்னாடி மட்டும் ஓடுறது).

9. திரையும் மெயிலும்

இது கடைசியா வரணும், ஆனா எல்லாரும் இங்கதான் ஆரம்பிப்பாங்க. உள்ள தப்பு இருக்கும்போது திரையில அஞ்சரை மணி நேரத்தைக் கழிச்சு வச்சுட்டா பக் மறைஞ்சு இன்னும் ஆழமா போயிடும்.

ஏபிஐ எப்பவும் யுடிசில, கடைசில இசட் எழுத்தோட அனுப்பட்டும். ஜாவாஸ்கிரிப்ட்ல தேதி மட்டும் உள்ள சரத்தை (ஸ்ட்ரிங்) யுடிசின்னு படிக்கும், அதே தேதியோட நேரமும் இருந்து ஆஃப்செட் இல்லன்னா லோக்கல்னு படிக்கும். இந்த ரெண்டும் கலந்ததுதான் அமெரிக்காவுல பாக்கறவங்களுக்கு மட்டும் ஒரு நாள் பின்னாடி தெரியறதுக்கு வழக்கமான காரணம்.

"இன்னைக்கு தோத்த ஜாப்"னு ரிப்போர்ட் இருந்தா அந்த "இன்னைக்கு" எந்த ஊரோடதுன்னு க்வெரில எழுதுங்க. யுடிசி தேதியை வச்சு குரூப் பண்ணினா நமக்கு ராத்திரி 12ல இருந்து விடியக்காலை 5:30 வரைக்கும் ஓடுறது எல்லாம் நேத்து கணக்குல போகும், பெரும்பாலான பேக்கப் ஓடுறதே அந்த நேரத்துலதான்.

அலர்ட் மெயில்ல ரெண்டு நேரமும் போடுங்க, ஜாப்போட ஊர் நேரம் ஒண்ணு, யுடிசி ஒண்ணு, சோன் பேரோட. தூக்கக் கலக்கத்துல படிக்கறவங்க மனக்கணக்கு போடக்கூடாது. பிரவுசர்ல இருந்து சோன் பேரை எடுத்து ஒப்பிடுறீங்கன்னா ஒரு எச்சரிக்கை, குரோம் "ஏசியா/கல்கத்தா"ன்ற பழைய பேரைத் தரும், உங்க டேபிள்ல புதுப் பேரு இருந்தா சரமா ஒப்பிட்டு "வேற சோன்"னு முடிவு பண்ணிடும்.

10. கடிகாரத்தை நகர்த்தி டெஸ்ட் பண்ணுங்க

சென்னையில உக்காந்து டெவலப் பண்றவங்களுக்கு டிஎஸ்டி கண்ணுல படாது, அதனால செயற்கையா அந்த நாளுக்கு போகணும். பைத்தான் டெஸ்ட்டுக்கு ஃப்ரீஸ்கன், முழு ப்ராசஸுக்கும் வேணும்னா லிப்ஃபேக்டைம்.

நான் கண்டிப்பா வைக்கற நாட்கள்: நியூயார்க்குக்கு 2026 மார்ச் 8, நவம்பர் 1. லண்டனுக்கு மார்ச் 29, அக்டோபர் 25. இந்த ரெண்டு ஊரும் வேற வேற நாள்ல மாறுறதால மார்ச் 8ல இருந்து 29 வரைக்கும், அக்டோபர் 25ல இருந்து நவம்பர் 1 வரைக்கும் நடுவுல நாலு மணி நேரம்தான் வித்தியாசம், மத்த நாள்ல அஞ்சு, அதனால நடுவுல ஒரு மார்ச் 15ம் சேத்துக்கங்க. கொல்கத்தாவுக்கு ஜனவரி 1 விடியக்காலை 5:29, 5:31. காத்மாண்டுவுக்கு ஏதாவது ஒரு நாள், ப்ளஸ் 5:45 உங்க கோடைத் தாங்குதான்னு பாக்க. ஆஸ்திரேலியாவோட லார்ட் ஹோவ் தீவு டிஎஸ்டிக்கு அரை மணி நேரம்தான் நகரும், டிஎஸ்டின்னாலே ஒரு மணி நேரம்னு எழுதின கோடு அங்க மாட்டும்.

ஒவ்வொரு டெஸ்ட்டையும் மெஷின் சோனை யுடிசி, கொல்கத்தா, நியூயார்க்னு மாத்தி மூணு தடவை ஓட்டுங்க. மூணுலயும் ஒரே விடை வரணும். வரலன்னா எங்கயோ மெஷினோட லோக்கல் நேரம் இன்னும் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு.

11. லைவ்ல போடுறதும் அதுக்கு அப்புறமும்

டிஎஸ்டி மாறுற வாரக்கடைசிக்கு முந்தின வாரம் இதைப் போடாதீங்க, பிரச்சனை வந்தா அது புது பக்னாலயா கடிகார மாற்றத்தாலயான்னு தெரியாம குழம்பிடுவீங்க. புதுக் கணக்கை முதல்ல அலர்ட் அடிக்காம பக்கத்துல ஓட விடுங்க, பழைய கணக்கோட ஒப்பிட்டு வித்தியாசம் வர்ற ஜாப்பை எல்லாம் லாக்ல எழுதட்டும். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் சொல்ல முடிஞ்சதும் மாத்துங்க. மாத்தின கையோட எல்லா ஜாப்போட எதிர்பார்க்கற நேரத்தையும் புதுசா கணக்கு போடுங்க, இதை விட்டுட்டா பழைய மதிப்பை வச்சு முதல் ரவுண்டு முழுக்க பொய் அலர்ட் வரும், டீமுக்கு புது கோடு மேலேயே நம்பிக்கை போயிடும்.

டிஎஸ்டி விதியை அரசாங்கங்கள் மாத்திக்கிட்டே இருக்கும். மெக்சிகோ 2022 அக்டோபரோட பெரும்பாலான பகுதியில அதை விட்டுருச்சு, எகிப்து 2023ல திரும்பக் கொண்டு வந்துச்சு. அதனால டிஇசட்டேட்டா அப்டேட் வேணும், அது ஒரே இடத்துல இல்ல: இயங்குதளத்துல ஒண்ணு, ஜாவா இருந்தா அதுக்குள்ள தனியா ஒண்ணு, பைத்தான் பேக்கேஜா ஒண்ணு, போஸ்ட்கிரஸோட சில சமயம் ஒண்ணு, பாக்கறவங்க பிரவுசர்ல ஒண்ணு. மானிட்டர்ல புதுசும் ஜாப் ஓடுற மெஷின்ல பழசும் இருந்தா ரெண்டும் வேற நேரம் சொல்லும், ரெண்டையும் ஒரே வாரத்துல ஏத்துங்க. ஏத்தினதும் மானிட்டர் ப்ராசஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க, பழைய விதி மெமரில தங்கியிருக்கும். அப்புறம் அந்த சோன்ல இருக்கற ஜாப்புக்கு மட்டும் எதிர்பார்க்கற நேரத்தை இன்னொரு தடவை கணக்கு போட்டு, முன்னாடி இருந்த மதிப்பையும் புது மதிப்பையும் லாக்ல எழுதி வைங்க.